ஆறு ஓட்டைக் கல்

முதலிலேயே என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிச் சிரித்துக்கொண்டால் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எங்கள் எஸ்டேட் சின்ன துரை தம் பங்களாவின் பின்பக்கக் கொட்டகையில் அப்பாவை உட்கார வைத்து வெட்டச் சொன்ன சிலேட்டுக் கல் மேசை, ஆளை அறுக்கிற மேசை என்று நான் நம்பினேன்.

அரைகுறையாக அல்ல, முழுசாக நம்பினேன். பின்னே என்ன? மேசையின் நான்கு மூலையிலும் ஓட்டை, இரண்டு நீளப் பக்கங்களிலும் நடுவில் ஒவ்வோர் ஓட்டை. ரத்தம் வடியத்தான். ஓட்டைக்குக் கீழே தொங்கவிட நூல் வலையில் சின்னச் சின்னப் பை. ஈரல், குடல் தரையில் விழாமல் இருக்கத்தான். மேலே விரிக்கப் பச்சைத் துணி ஒரு சுருள். வேலை முடிந்ததும் போர்த்திவிடத்தான். நம் வயதுக்காரர்கள், முள்ளுக்கம்பி வேலிக்குள் வளர்ந்தவர்கள், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இவ்வளவையும் பார்த்த ஒரு பையன் வேறு எந்த முடிவுக்கு வருவான்?

அறுபடப் போவது யார் என்பதிலும் எனக்குக் குழப்பம் இல்லை. அப்பாதான்.

இன்றைக்கு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்காருகிறார்கள். சிரிக்க வைப்பேன் என்ற நம்பிக்கை. இந்தக் கதையின் முதல் பாதியை அங்கெல்லாம் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஓட்டை, ஈரல், பச்சைத் துணி என்று நல்ல சிரிப்பு வரும். அதோடு நிறுத்திக்கொண்டு பாயசம் குடிக்கப் போய்விடுவேன். இங்கே பாயசம் இல்லை. அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அது கம்யூனிஸ்ட் காலம். எங்கள் லயத்தைச் சுற்றி, வரிசை வீடுகளையெல்லாம் சேர்த்து வளைத்து, ஆள் உயரத்துக்கு வேலி போட்டிருந்தார்கள். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்த பிறகு, வேலி வாசலில் போலீஸ்காரர்கள் நிறுத்திச் சோதிப்பார்கள். காட்டுக்குள்ளிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்ட்காரர்களுக்கு அரிசி போகிறதா என்று பார்ப்பார்கள். கொழுந்துக் கூடையைக் கவிழ்ப்பார்கள். தலைத்துண்டை உதறச் சொல்வார்கள். மலைப் பனியில் நடுங்கிக்கொண்டு பெண்கள் கையைத் தூக்கி நிற்பார்கள். அதையெல்லாம்கூடப் பழகிவிடலாம். பழக முடியாதது ஒன்றுதான். யாராவது ஒருவர் உங்கள் பெயரைச் சொன்னால் போதும். சாயங்காலம் லாரி வரும். கொஞ்ச நாள் கழித்து, இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வரும். அப்பா கைக்குழந்தையாக இந்த மலைக்கு வந்தவர். அந்தக் கரையில் அவரைத் தெரிந்த நாய்கூடக் கிடையாது.

ஒரு தடவை அம்மாவோடு பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்குப் போனபோது ரோட்டோரத்தில் ஒரு லாரி நின்றது. பின்பலகையை இறக்கிவிட்டு, காட்டில் சுட்டவர்களைக் கிடத்தியிருந்தார்கள். அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று போகிற வருகிறவர்களையெல்லாம் வரிசையாக நடக்க விட்டார்கள். அம்மா என் கண்ணைப் பொத்தினாள். விரலிடுக்கு என்று ஒன்று இருப்பதை அம்மாக்கள் மறந்துவிடுகிறார்கள். ஒருவன் காலில் ஒற்றைச் செருப்பு இருந்தது. நனைந்த சாக்கு வாடை. அதற்குப் பிறகு பலகை, மேசை, பெஞ்சு எதைப் பார்த்தாலும் அதன் மேல் யாரையாவது கிடத்திப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் மேசை மேல் வாத்தியாரையே கிடத்திப் பார்த்திருக்கிறேன். அது மட்டும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது கல்லுக்கு வருகிறேன்.

கம்போங் ராஜாவில் ஒரு ரொட்டிக் கடை இருந்தது. நடத்தியவர் தமிழ் முஸ்லிம். ஊருக்கே அவர் நானா. ஜப்பான்காரன் போன பிறகு எந்தத் துரை பங்களாவிலிருந்தோ உருட்டிவிட்ட மூன்று பெரிய சிலேட்டுப் பலகைகள் அவரிடம் இருந்தன. இரண்டை முட்டுக்கொடுத்து அதன் மேல் ரொட்டி மாவு பிசைந்து வீசுவார். மூன்றாவது, கடைக்கு முன்னால் சாக்கடை மேல் மூடியாகக் கிடந்தது. சின்ன துரை ஒரு நாள் அங்கே சிகரெட் வாங்க ஜீப்பை நிறுத்தியவர், மாவுக்கு அடியில் கறுப்பாகத் தெரிந்ததைத் தட்டிப் பார்த்தார். குனிந்து மோந்து பார்த்தார். சாக்கடை மூடியைக் காலால் தட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு வந்ததாம்.

சின்ன துரைக்குத் தமிழ் தெரியும். ஆனால் அது கட்டளைத் தமிழ். வா, போ, எடு, வெட்டு. கேள்வி கேட்கிற தமிழும் பதில் சொல்கிற தமிழும் அவரிடம் கிடையாது. நானாவிடம், "நாளைக்கு லோரி வரும்" என்றார். வந்தது. கல்லைத் தூக்கப் போன ஆட்களில் அப்பாவும் ஒருவர். நானா கல்லாவில் உட்கார்ந்தபடி, "எத்தன வருசத்து எண்ணெ அதுல எறங்கியிருக்கு. தொர அத வச்சு எத செஞ்சாலும் ரொட்டி வாசம் போகாது லா" என்றாராம்.

அப்பாவுக்கு வேலை தேயிலைச் செடிகளைக் கழித்துவிடுகிற கவ்வாத்து வெட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் உளியை எடுத்துக்கொண்டு லயத்து வீடுகளில் அம்மி கொத்துவார். அரைத்து அரைத்து வழுவழுத்துப் போன அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிக் கொடுப்பார். எஸ்டேட்டில் கல்லில் கை வைக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று கிராணி சின்ன துரையிடம் சொல்லியிருக்கிறார். கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர் மட்டும் இல்லை. துரையின் வாயும் நம் காதும் அவர்தான்.

கிராணி வந்து கேட்டபோது அப்பா முடியாது என்றுதான் சொன்னார்.

"அது என் கல்லு இல்லீங்கய்யா. சிலேட்டு. நான் அதுல கை வச்சதே இல்ல. ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் எனக்கும் இருக்கு."

"தொரகிட்ட அப்படியே சொல்லவா?"

"சொல்லுங்கய்யா."

மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் கிராணி திரும்ப வந்தார். வாசலில் நின்றே பேசுகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அம்மா முந்தானையால் மணையைத் துடைத்துப் போட்டாள்.

"உன் பேரு போலீசுக்குப் போயிருக்கு" என்றார் கிராணி.

"எதுக்குங்கய்யா?" என்றார் அப்பா.

"காட்டுக்காரனுக்கு அரிசி குடுக்குறேன்னு."

"யாருங்கய்யா சொன்னது?"

"யாரு சொன்னா என்ன? தொர காதுக்கு வந்திருக்கு. அவர் ஒரு வார்த்த சொன்னா போலீஸ் தொர உன் பேர அடிச்சு விட்டுருவாரு. அவருக்கு இப்ப மேச வேணும். மேச நல்லபடியா முடிஞ்சா, உன் பேரும் நல்லபடியா முடியும். இல்லேன்னா கப்பல்தான். புள்ளயக் கூட்டிட்டுப் போறதா வேணாமான்னு நீயே யோசிச்சுக்க."

அம்மா அழுதாள். பிறகு, முன்கூட்டியே வந்து சொன்னதற்கு நன்றியாக, எங்கள் வீட்டில் இருந்த ஒரே முட்டைக் கோழியைக் காலைக் கட்டிக் கிராணி கையில் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டார். அந்தக் கோழியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று கடைசியில் தெரியும்.

எதற்கு மேசை என்று யாரும் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. சின்ன துரை ஒரு தாளில் படம் போட்டிருந்தார். நீளம், அகலம், ஆறு ஓட்டை. மலையிலிருந்து இறங்குகிற தாப்பா ரோட்டில் காட்டுக்காரர்கள் வண்டிகளைச் சுட ஆரம்பித்ததிலிருந்து அவரால் கிளப்புக்குப் போக முடியவில்லை, பொழுது போகாமல் தவிக்கிறார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? துரைக்குப் பொழுது போகாது என்ற ஒன்று உண்டு என்பதே லயத்தில் யாருக்கும் தெரியாது.

அப்பா தன் அறிவுக்கு எட்டியபடி ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "பட்டாளத்துக்குச் சமைக்கப் போறாங்க போல. மசாலா அரைக்க, காய் நறுக்க. ஓட்டை, கழுவின தண்ணி போறதுக்கு." நானும் என் அறிவுக்கு எட்டியபடி ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

என் முடிவு உறுதியானது முதல் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்ற என்னையும் கூட்டிப் போயிருந்தார். மூன்று பலகைகளையும் தரையில் ஒட்டிப் போட்டிருந்தார்கள். கொட்டகை மூலையில் அந்த வலைப் பைகளும் பச்சைத் துணிச் சுருளும் கிடந்தன. சின்ன துரை வந்தார். கையில் அளவு டேப் இருந்தது. இதைக் கவனியுங்கள், டேப் அவர் கையிலேயே இருந்தது. அப்பாவைப் பார்த்து, "படு" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. கிராணி பின்னாலிருந்து, "படுப்பா, அளவு பாக்குறாரு" என்றார்.

அப்பா வேட்டியை ஒதுக்கிக்கொண்டு கல்லின் மேல் மல்லாந்து படுத்தார். சின்ன துரை சாக்பீஸை எடுத்து அவர் தலைக்கு மேலே ஒரு கோடு, காலுக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். பிறகு கையை விரிக்கச் சொல்லி, உடம்பைச் சுற்றி வரைந்தார். கிராணி சிரித்தார். சின்ன துரையும் சிரித்தார். அப்பாவும் படுத்தபடியே சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. என் கால்சட்டை நனைந்து, சூடாகி, பிறகு அந்த மலைக் குளிரில் சில்லென்று ஒட்டிக்கொண்டது. அப்பா எழுந்த பிறகும் அப்பாவின் உருவம் கல்லில் படுத்திருந்தது.

"தண்ணி ஊத்த வந்தவன் அங்கயே ஊத்திட்டான்" என்றார் கிராணி.

அன்றிலிருந்து நான் அப்பாவைக் காப்பாற்றத் தொடங்கினேன். கேட்டால் சிரிப்பீர்கள். லயத்தில் ஆடு வெட்டும்போது கொழுத்ததைத்தான் பிடிப்பார்கள். அப்பா இளைத்துவிட்டால் தப்பிவிடலாம் என்று, அவர் தட்டிலிருந்து சோற்றைத் திருடி என் தட்டில் போட்டுக்கொண்டேன். அம்மா அதைப் பேராசை என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு உளியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்தேன். மறுநாளே கோழிகள் கிளறி வெளியே போட்டுவிட்டன. காட்டிக்கொடுக்கிற காலம், கோழியை மட்டும் என்ன சொல்வது?

அப்பா முதலில் நடுப் பலகையை எடுத்தார். சாக்பீஸ் கோட்டின் மேல் உளியால் கீறி, திருப்பிப் போட்டு மறுபக்கமும் கீறி, மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். கருங்கல்லைப் போல அது பொடியாக உதிரவில்லை. செதில் செதிலாகப் பறந்தது. மழைக்கு முந்தின மண் வாடையும் பழைய நெய் வாடையும் கலந்து வந்தது. நானா சொன்னது சரிதான், உளி இறங்க இறங்க ரொட்டி வாசம். எனக்குப் பயமும் பசியும் ஒன்றாக வரும்.

ஓரம் நேரானதும், கிராணி சொல்லியிருந்தபடி அப்பா மேல்பக்கத்தை 'நன்றாக' செய்தார். அவருக்குத் தெரிந்த நன்று ஒன்றுதான். அம்மி கொத்துவதுபோலக் கொத்தினார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறாமல், சாய்வு வரிசையாக. விரலால் தடவினால் பூனை நாக்கு மாதிரி இருந்தது. கொத்துக்கூலிக்கு மேல் பிரியமாகச் செய்கிற வீடுகளுக்கு அம்மியின் தலைப்பக்கம் ஒரு பூ செதுக்கிக் கொடுப்பது அவர் வழக்கம். துரைக்குப் பிரியத்தைக் காட்ட வேண்டாமா? பலகையின் நட்டநடுவில், உள்ளங்கை அகலத்தில், நாலிதழ்ப் பூ ஒன்றைச் செதுக்கினார். நல்ல ஆழமாக.

"இந்த மாதிரி எந்தத் தொர வீட்டுலயும் இருக்காதுடா" என்றார் என்னிடம்.

அதுவும் சரிதான்.

சின்ன துரை வந்து பார்த்தார். குனிந்து புள்ளிகளைத் தடவினார். பூவைத் தடவினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். துரை மகிழ்ந்துவிட்டார் என்று நினைத்து அப்பா என் தலையில் கைவைத்துத் தடவினார். சிரித்து முடித்ததும் துரை கிராணியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"வழுவழுன்னு வேணுமாம்" என்றார் கிராணி. "கண்ணாடி மாதிரி. நீ என்ன காரியம் பண்ணி வச்சிருக்க? தொரைக்குக் கோவம். இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

"சிரிச்சாருங்களே."

"தொரமாரு கோவத்துலயும் சிரிப்பாங்க."

அதற்குப் பிறகு ஞாயிறு மட்டும் போதவில்லை. தேயிலைக் காட்டு வேலை முடிந்து வந்ததும் ஊரடங்கு நேரம் வரைக்கும் அப்பா கொட்டகையில் இருந்தார். மணலைப் போட்டு, தண்ணீரைத் தெளித்து, இன்னொரு கல்லால் தேய்த்தார். தேய்த்துத் தேய்த்துப் புள்ளிகள் மறைந்தன. பூ மட்டும் மறையவில்லை. கடைசியில் மெழுகுவர்த்தியை உருக்கிப் பூவுக்குள் ஊற்றி நிரவினார். கறுப்புப் பலகையின் நடுவில் வெள்ளைப் பூ. அப்பாவின் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்துபோய், அடையாளக் கார்டில் கைநாட்டு வைத்தவரா இவர் என்று சந்தேகம் வரும்படி ஆனது.

அவசரம்தான் வினை. மூலை ஓட்டைக்காகக் கல்லை வளைவாகக் கழிக்க வேண்டும். சின்னச் சின்னத் துளைகளாகப் போட்டு நடுவில் தட்டினால் பிறை மாதிரிக் கழன்று விழும். கடைசி மூலை அது. நான் தண்ணீர் டின்னோடு எதிரில் உட்கார்ந்திருந்தேன். உளி விழுந்தது. டிக் என்று ஒரு சத்தம். அப்பா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, ஏதோ மறந்துபோனவர் மாதிரி இடது கண்ணைப் பொத்தினார்.

"டேய், தண்ணி குடு" என்றார். சத்தம்கூடப் போடவில்லை.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் கண்ணைக் கழுவினார். இமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "உள்ள சில்லு எறங்கியிருக்கும்மா. நான் தொடக்கூடாது. நாளைக்குக் கான்வாயில தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். ஒடனே எடுத்துட்டா பார்வை நிக்கும். தள்ளிப்போட்டா போயிடும்."

கீழே இறங்குகிற வண்டிகளெல்லாம் அப்போது போலீஸ் காவலோடு சேர்ந்துதான் போகும். அதில் சேர வேண்டுமானால் சோதனைச் சாவடியில் அடையாளக் கார்டை நீட்ட வேண்டும். பெயரைப் பார்ப்பார்கள்.

வீட்டில் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மாவும் அப்பாவும் பேசிக்கொண்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"போயிட்டு வந்துருங்க. கண்ணுங்க."

"சாவடியில கார்டப் பாத்தான்னா அங்கேயே புடிச்சு வச்சுருவான்."

"தொரகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன்."

"மேச முடியல. இப்ப போய் நின்னா, வேலைக்குப் பயந்து சாக்கு சொல்றான்னு நெனைப்பாரு."

"கண்ணு போயிடும்னு சொல்றாங்களே."

"ஒரு கண்ணு போனா இங்க இருக்கலாம். பேரு போனா மூணு பேரும் கப்பல்ல."

அப்பா போகவில்லை. கண் முதலில் சிவந்தது, பிறகு பழுத்தது, பிறகு பால் ஊற்றியதுபோல வெளுத்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார். துணிக்கட்டுக்கு அடியிலிருந்து வழிந்தது கல்லில் சொட்டும். அதையும் சேர்த்துத் தேய்த்தார்.

பலகைகளை மரக்கால்களின் மேல் ஏற்றிய பிறகு, ஒற்றைக் கண்ணில் மட்டம் தெரியவில்லை. என்னைக் கல் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்வார். என்னிடம் ஒரு கோலிக்குண்டு இருந்தது. கண்ணாடிக்குள் பச்சை நரம்பு ஓடுகிற குண்டு. லயத்தில் அதைப்போல இன்னொன்று கிடையாது. அதைக் கல்லின் மேல் உருட்டுவோம். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கக் கால்களுக்கு அடியில் அப்பா சின்ன மரச் சீவலைச் செருகுவார். அறுக்கப்போகிற மேசையை எதற்கு இவ்வளவு மட்டம் பார்க்கிறார்கள் என்று யோசித்து, ரத்தம் ஆறு பக்கமும் சரிசமமாக வடிய வேண்டுமே என்று நானே பதிலும் கண்டுபிடித்தேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

ஒரு நாள் சின்ன துரை வந்து குண்டு உருளுவதைப் பார்த்தார். பூவுக்குப் பக்கத்தில் போகும்போது லேசாக வளைந்தது. மற்றபடி நேராக ஓடியது. அவருக்குப் பிடித்துப்போனது. குண்டை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, கட்டைவிரலால் சுண்டித் தேயிலைச் செடிகளுக்குள் விட்டார். எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தார், அவ்வளவுதான். இருட்டும்வரை தேடினேன். இன்றைக்கும் அந்தச் சரிவில்தான் எங்கேயோ கிடக்கும்.

மேசையைப் பங்களாவுக்குள் தூக்கிப் போட்டார்கள். அன்றைக்குக் குசினிப் பக்கமாக எட்டிப் பார்த்தபோதுதான் அந்தப் பெட்டியைக் கண்டேன். வெல்வெட் வைத்த மரப்பெட்டி. உள்ளே வெள்ளையும் சிவப்புமாக, ஈரம் போலப் பளபளத்துக்கொண்டு, வரிசை வரிசையாகக் கண்கள். யார் யாருடைய கண்களோ. அப்பாவின் இடது கண் எது என்று தேடுவதற்குள் நான் வீறிட்டேன்.

பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர் வெங்காயம் உரித்த கையோடு ஓடி வந்தார். "ஏண்டா பொடியா, கழுத்தத் திருகின கோழியாட்டம் கத்துற?"

"கண்ணு."

"எது கண்ணு?" பெட்டியைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "டேய், இது பில்லியர்ட்ஸ் லா. பந்துடா, பந்து. மேச மேல வச்சு, கம்பால குத்தி ஓட்டையில தள்ளணும்."

"தள்ளினா?"

"தள்ளினா தள்ளினதுதான். பையில விழும். எடுத்து வச்சு மறுபடி தள்ளுவாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

எனக்கு வந்த சிரிப்பை என்னவென்று சொல்வது? குசினித் தரையில் புரண்டேன். ரத்தம் இல்லை, ஈரல் இல்லை, அப்பாவை யாரும் அறுக்கப் போவதில்லை. கொட்டகைக்கு ஓடினேன். அப்பா உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அப்பா, அது வெளையாடுற மேசப்பா. கோலிக்குண்டு மாதிரி. சும்மா வெளையாடுறதுக்கு."

அப்பா கட்டுப்போடாத கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வெளையாடவா?" என்றார்.

பிறகு சாக்கைக் கட்டி முடித்தார்.

கல்யாண வீடுகளில் கண் விஷயத்தைச் சொல்லாமல் விட்டு, இந்த இடத்தில்தான் நான் பாயசத்துக்கு எழுந்து போவது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில், இரும்புத்தகடு அடித்த வண்டியில் போலீஸ் துரை பங்களாவுக்கு வந்தார், மேசையைத் தொடங்கிவைக்க. அவரிடம்தான் சின்ன துரை அப்பாவைப் பற்றி அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அம்மா அப்பாவுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, தீபாவளிச் சட்டையைப் போட்டுவிட்டாள். கண்ணுக்குப் புதுத் துணியாகக் கட்டினாள். "உள்ள கூப்பிட்டா ரெண்டு கையும் சேத்துக் கும்பிடுங்க. கட்ட அவுக்காதீங்க, பாக்கச் சகிக்காது" என்றாள். அப்பாவும் நானும் குசினி வாசலில் போய் நின்றோம்.

ஜன்னல் வழியாக மேசை தெரிந்தது. பச்சைத் துணி போட்டு அழகாகத்தான் இருந்தது. பந்து மோதும் சத்தம் வந்தது. நடுவில் ஒரு பந்து நேராகப் போய்க்கொண்டே இருந்து, சட்டென்று வளைந்தது. பூவின் மேல். மெழுகு உள்ளே வாங்கியிருக்க வேண்டும். போலீஸ் துரை கம்பை ஊன்றிக்கொண்டு என்ன என்று கேட்டார். சின்ன துரை துணியின் மேல் விரலால் ஒரு பூ வரைந்து காட்டினார். இருவரும் சிரித்தார்கள். சின்ன துரை ஜன்னல் பக்கம் திரும்பி, "வா" என்றார்.

அப்பா போய்க் கும்பிட்டார். சின்ன துரை அவரைக் காட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். போலீஸ் துரை அப்பாவின் கட்டைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தன் டின்னிலிருந்து ஒரு சிகரெட் எடுத்துக் கொடுத்தார். சின்ன துரை, "போ" என்றார்.

வெளியே வந்த அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. புகைக்கத் தெரியாதவர், சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டார். குசினிக்காரர் காலி கிளாஸ்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்ததும் அப்பா அவரிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, தொர சொல்லிட்டாருங்களா?"

"என்னத்தப்பா?"

"என் பேர. போலீசுல யாரோ குடுத்துட்டாங்கல்ல, அரிசி விசயமா. மேச முடிஞ்சா சொல்றேன்னாரு."

"உன் பேரா? அங்க பூவப் பத்தித்தான் பேசினாங்க." குசினிக்காரர் தட்டைக் கீழே வைத்தார். "இரு, கேட்டுட்டு வரேன்."

உள்ளே போனார். பிறகு சின்ன துரையின் சிரிப்பு கேட்டது. அதற்குப் பின்னால் போலீஸ் துரையின் சிரிப்பு. குசினிக்காரர் வெளியே வந்து, அப்பாவைப் பார்க்காமல் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போலீஸ் தொரைக்கு உன்னத் தெரியவே தெரியாதாம்பா. இன்னிக்குத்தான் பாக்குறாராம்."

"அப்ப என் பேரச் சொன்னது யாருண்ணே?"

"யாரும் சொல்லல. நீ வர முடியாதுன்னு சொன்னியாமே. வரலேன்னா, அரிசி குடுக்குறவன்னு சொல்லிப் புடிச்சுக் குடுத்துருவேன்னு சொல்லுய்யான்னு தொர கிராணிகிட்ட தமாசா சொன்னாராம். அவரு அத மறந்தே போயிட்டாராம். நான் கேட்டப்பறம்தான் நெனப்பு வந்து சிரிக்கிறாரு."

கிராணிக்கு அது தமாஷ் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

உள்ளே பந்துகள் மோதிக்கொண்டிருந்தன. அப்பா காதிலிருந்த சிகரெட்டை எடுத்துப் பார்த்தார். திரும்பக் காதிலேயே வைத்தார்.

"அப்ப அன்னிக்கு நான் தாப்பாவுக்குப் போயிருக்கலாமாண்ணே?"

குசினிக்காரர் கிளாஸ்களைக் கழுவப் போனார்.

போயிருக்கலாம். அப்பாவின் பெயரை யாரும் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. சாவடியில் கார்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, கான்வாயில் ஏற்றிவிட்டிருப்பார்கள்.